புண்ணாக்கு மருந்து தேடி ஓசூருக்குப் போனது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதும் பக்கங்கள் அச்சடித்ததுபோல இருக்கும். என் பக்கம் வந்ததும் மைக்கூடு கவிழ்ந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அது எழுத்துத்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சின்ன ரகரம், பெரிய றகரம் இரண்டில் எது எங்கே வரும் என்று கேட்டால் இன்றைக்கும் வியர்க்கும். பிழை கண்ட இடத்தில் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியா போய் வந்தவன் எழுதுகிறான் என்றதும் தம்பிகள் தாஜ்மகாலை எதிர்பார்க்கிறார்கள். நான் பார்த்தது ஒரு கல் மதில். அதைத்தான் எழுத முடியும்.

நுவரெலியாவில் கடை வைத்திருக்கும் என் முதலாளியின் பங்களாவுக்குப் பின்னால் சரிவில் கிடந்த துண்டு நிலத்தில், ஆரஞ்சு என்கிறார்களே, அந்தத் தோடை மரம் வைத்தவன் நான். "இந்தக் குளிரில் தோடையா?" என்று ஊரே சிரித்தது. மரங்கள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் தை பிறந்து வெள்ளைப்பனி விழுந்த விடியல்களில், கொதிக்கிற தண்ணீரை ஊற்றினதுபோல இலையெல்லாம் கறுத்துச் சுருண்டது. அடுத்த வருஷமும் அப்படியே. முதலாளி பொறுமைசாலி. இரண்டு வருஷம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது வருஷம் லீக்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வெங்காயத்தாள் இனமான லீக்ஸ் பனிக்கு அசையாது, சந்தையில் விலையும் உண்டு என்றார்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மாவின் ஒன்றுவிட்ட அக்காள் புருஷன் ராயப்பன் இந்தியாவிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். ஓசூர்ப் பக்கம் அவருக்குச் சாத்துக்குடித் தோட்டம் இருந்தது. போன தையில் அங்கேயும் என்றுமில்லாத குளிர் வந்து தோட்டம் கருகியதாம். ஆனால் கீழ் மூலையில் சில மரங்கள் மட்டும் பச்சையாகவே நின்றனவாம். "மருந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆளை அனுப்புங்கள், கண்ணால் பார்க்கட்டும்" என்பது செய்தி.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். "சூசை, நீயே போ. மருந்தோட வந்தா மரம். வெறுங்கையோட வந்தா லீக்ஸ்."

கடையில் பொருள் வாங்கும்போதுகூட வாயைத் திறக்காமல் விரலால் காட்டுகிறவன் நான். என்னைப் போய்க் கடல் தாண்டி விசாரித்து வரச் சொன்னார். போகிற இடம் குளிர் என்பதால் முதலாளி தம்முடைய பழைய கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். அது யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. என் மனைவி பாஸ்போர்ட்டையும் மற்றக் காகிதங்களையும் அதன் உள்துணியில் வைத்துத் தைத்துவிட்டாள். தொலைக்கக்கூடாது என்று தைத்தாள்; கப்பலில் காட்டப் பிரித்ததை நானே மறுபடி தைத்துக்கொண்டேன். பாஸ்போர்ட்டுக்குப் பயந்து கோட்டைக் கழற்றவும் முடியாது என்பது கிருஷ்ணகிரியில் பஸ் மாறும்போதுதான் தெரிந்தது.

கிருஷ்ணகிரியில் மார்கழி நடுப்பகல். வெயில் பாறைமேல் பட்டுத் திரும்பி என் கோட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வேர்த்து வடிய நின்றேன். டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏங்க, காய்ச்சலுங்களா?"

"இல்லீங்க. சிலோன்லேர்ந்து வர்றேன்."

"ஓ. திரும்பி வந்துட்டீங்களா?"

இந்தக் கேள்வியை அன்றைக்கு எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒப்பந்தப்படி மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் இந்தியாவுக்குத் திரும்பி வந்துகொண்டிருக்கிற காலம். என்னையும் அப்படி நினைத்தார்கள். இல்லை, பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றால் ஏமாற்றமடைந்தார்கள். கடைசியில் ஒருவரிடம், சிரமம் கொடுக்க வேண்டாமே என்று, "ஆமாங்க, வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் மனம் இளகி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். தேயிலை நாட்டுக்காரனுக்கு அந்த டீ பாயசம்போல இருந்தது. பால் முக்கால், சீனி கால், தேயிலை ஒரு வதந்தி. ஆனால் இரண்டாவது கிளாஸும் குடித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஓசூர் வழியாகப் பெங்களூர் போகிற பஸ் சூளகிரி ஏற்றத்தில் இரண்டு தடவை மூச்சு வாங்கி நின்றது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். கோட்டோடு தள்ளினேன். மறுபடி ஏறி உட்கார்ந்ததும் அசதியில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது ஓசூர் போயே போய்விட்டது. மைசூர் ராஜ்ய எல்லையில் ஜூஜுவாடி என்ற இடத்தில் பஸ் நின்றிருந்தது. எல்லை தாண்டி அரிசி கடத்துகிறார்களா என்று சோதிக்கிறார்களாம்.

சோதனைக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பஸ் நிறைய மெல்லிசாக உடுத்தியவர்கள். நடுவில் நான், மெத்தைபோல. அவர் கையால் என் நெஞ்சை அழுத்திப் பார்த்தார். உள்ளே காகிதம் மொடமொடத்தது.

"என்னய்யா உள்ள?"

"பாஸ்போர்ட்டுங்க."

"எடு."

"எடுக்க வராதுங்க. தச்சிருக்கு."

இறக்கிவிட்டார்கள். கூட்டம் கூடியது. ஒருவர் என்னைத் தட்டிப் பார்க்க, இன்னொருவர் கோட்டின் விளிம்பைப் பிதுக்கிப் பார்க்க, அரிசி ஒரு மணிகூட விழவில்லை. கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து தையலை ஓரத்தில் கொஞ்சம் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்குள் என் பக்கத்து இருக்கைப் பெண்மணி இறங்கி நடந்திருந்தாள். பஸ்ஸில் மிகவும் பருமனாகத் தெரிந்தவள். என்னைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: "உங்க கோட்டுக்குப் புண்ணியமாப் போவட்டும்ணா." அப்போதும் எனக்குப் புரியவில்லை. அவள் போன பிறகு, அவள் போன வழியில் அரிசி மணிகள் கிடந்ததைப் பார்த்துத்தான் புரிந்தது.

அங்கிருந்து ஒரு செங்கல் வண்டியில் ஏறி, மூக்கண்டப்பள்ளி வழியாகத் திரும்பி வந்து, ஓசூருக்குத் தெற்கே ராயப்பன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். முடியெல்லாம் செங்கல் தூள்.

ராயப்பன் குட்டையான, சுறுசுறுப்பான மனிதர். பேச்சை முடிக்கும் முன்னே அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். "வாங்கோ வாங்கோ. இவ்ளோ பெரிய கோட்டு போட்டவர் எங்க வூட்டுக்கு வந்ததே இல்ல" என்றார். தோட்டத்துக் காவல்காரர் முனியப்பா அதைக் கேட்டுவிட்டு அன்றிலிருந்து என்னை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்தார். அவர் வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்றிலும் நான் டாக்டர்தான். மறுத்துப் பார்த்தேன். மறுக்கிற டாக்டர் இன்னும் பெரிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டார்.

சாப்பாட்டில் ராகிக் களியும் அவரைப் பருப்புக் குழம்பும். களியை நான் சோறுபோல மென்றேன். அது பல்லோடு ஒட்டிக்கொண்டு மேலும் கீழும் வந்தது. ராயப்பன் மனைவி அன்னம்மாள் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெல்லாதீங்கோ. குழம்புல பொரட்டி முழுங்குங்கோ."

"முழுங்குனா எப்படிங்க ருசி தெரியும்?"

"குழம்புக்குத்தான் ருசி. களி வயித்துக்கு."

விழுங்கினேன். வயிற்றில் ஒரு கருங்கல்லை மெதுவாக இறக்கி வைத்தாற்போல இருந்தது. அன்று இரவு குளிரே தெரியவில்லை.

மறுநாள் தோட்டம் பார்த்தோம். எங்கள் ஊர்ச் சரிவைவிட மென்மையான சரிவு. மேட்டில் வீடு. வீட்டிலிருந்து கீழே வரை சாத்துக்குடி. அடிவாரத்தில் குறுக்கே ஆளுயரத்துக்குக் கல் மதில். மதிலுக்கு வெளியே வண்டிப்பாதை, அதற்கப்பால் நாராயணப்பா என்பவரின் அவரைக் கொல்லை, அதற்கும் கீழே ஓடை.

ராயப்பன் என்னை நேராகக் கீழ் மூலைக்குக் கூட்டிப்போனார். மதிலில் ஓரிடத்தில் கல் புதிதாக இருந்தது.

"போன தைக்கு முன்னாடி பெங்களூரு லாரி ஒண்ணு வழி தெரியாம இந்தப் பாதைல வந்து, செவுத்துல உட்டுட்டான். வண்டி நொழையற அளவுக்கு ஓட்டை. லோடு முழுக்கக் கடலைப் புண்ணாக்கு. மூட்டை கிழிஞ்சி இந்த மரங்களுக்கு அடியில கொட்டிடுச்சி. அப்புறம்தான் அந்தப் பாழாப்போன குளிர். எங்க அப்பா காலத்துலயும் இப்பிடி இல்ல. தோட்டமே கருகிடுச்சி. புண்ணாக்கு கொட்டின மரம் மட்டும் அப்பிடியே நின்னுச்சி. இப்ப சொல்லுங்கோ, மருந்து எது?"

"புண்ணாக்குங்களா?"

"அதான்!" என்று என் முதுகில் தட்டினார். கோட்டிலிருந்து செங்கல் தூள் பறந்தது.

நான் போவதற்குச் சற்று முன், கார்த்திகையில், தோட்டம் முழுக்க மரத்துக்கு மரம் புண்ணாக்கு வைத்திருந்தார். ஒவ்வொரு கிளையிலும் இளம்பச்சைத் தளிர் மினுமினுத்தது. லாரி உடைத்த மதிலையும் முன்னைவிட உயர்த்திக் கட்டி, மேலே முள்ளும் வைத்திருந்தார். நாராயணப்பாவின் ஆடுகள் ஓட்டை வழியாக வந்து போன வருஷம் முழுக்கத் தொல்லையாம். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மருந்து இவ்வளவு சுலபமா! இந்தப் புண்ணாக்கில் ஒரு மூட்டையைக் கப்பலில் எப்படி ஏற்றுவது, சுங்கக்காரரிடம் என்னவென்று சொல்வது என்பதே அன்று பூராவும் என் கவலை. பலகாரம் என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

இனிமேல் எழுதப்போவதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் கட்டுரையே இல்லை.

அந்தப் பக்கத்தில் விடியலில் ஆண்கள் எல்லாரும் வெளிப்பக்கம் போகிற வழக்கம். நாலு பேர் சேர்ந்து பேசிக்கொண்டே போவார்கள். எனக்கு அது முடியாத காரியம். ஆகையால் எல்லாருக்கும் முன்னே எழுந்து, தனியாகத் தோட்டத்துக்குள்ளேயே இறங்கி, கீழ் மதில் ஓரம் மறைவாகப் போய் உட்கார்ந்தேன். உயரமான மதில், மேலே முள், யாரும் பார்க்க முடியாது. வெட்கக்காரனுக்கென்றே கட்டினதுபோல.

உட்கார்ந்ததும் குளிர் என்னைக் கடித்தது. எங்கே என்று சொல்லத் தேவையில்லை. நுவரெலியாக்காரனான எனக்கே பல் கிட்டியது. முதல் நாள் அவசரமாக எழுந்து வந்துவிட்டேன். இரண்டாம் நாள் கோட்டோடு போனேன். அப்போதும் அப்படியே. மேலே வீட்டு வாசலுக்கு வந்தால் அவ்வளவு குளிர் இல்லை. மூன்றாம் நாள் மதில் ஓரம் புல்லறுக்கப் பெண்கள் முன்னதாகவே வந்துவிட்டதால், நான் பதறி, வாயில் வழியே சுற்றிக்கொண்டு மதிலுக்கு வெளிப்புறம் போய் உட்கார்ந்தேன். அங்கே நிம்மதியாக இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலு முழ வித்தியாசம்கூட இல்லை. களி உடம்பில் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அதனால்தான் குளிரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவு அவ்வளவுதான்.

நாலாம் நாள் பெண்கள் இல்லை. பழைய இடத்துக்கே போனேன். குளிர் பழையபடி கடித்தது. அப்படியானால் களி இல்லை. என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, மேட்டில் முனியப்பா குளிர்காயச் சருகு கூட்டித் தீ வைத்தார். சருகு ஈரம். புகைதான் வந்தது. காற்று இல்லாத விடியல். புகை மேலே போகவில்லை. கொஞ்சம் எழுந்து, சோம்பல்பட்டதுபோல மறுபடி தாழ்ந்து, மரங்களின் அடிவழியே சரிவில் இறங்கி வந்தது. தண்ணீர் வருவதுபோலவே வந்தது. என்னிடம் வந்து, மதிலில் முட்டி, அப்படியே நின்றது. என் கழுத்துவரை ஏறியது. முதலில் நான், மறைவுக்கு நல்லதாயிற்று என்று சந்தோஷப்பட்டேன். பிறகு இருமல் வந்தது. இருமலுக்கு நடுவில்தான் அந்த யோசனையும் வந்தது.

புகை போகிற வழியில்தானே குளிரும் போகும்? மேட்டிலிருந்து இறங்கிவந்து இங்கே மதிலுக்குப் பின்னால் குட்டைபோலத் தேங்குகிறது. நான் உட்கார்ந்திருப்பது குளிர்க் குட்டைக்கு நடுவில். போன தையில் இந்த இடத்தில் மதிலே இல்லை. லாரி இடித்த ஓட்டை இருந்தது. குளிர் ஓட்டை வழியாக வெளியே போயிருக்கிறது. ஓட்டையை ஒட்டின மரங்கள் பிழைத்தன. புண்ணாக்கு அங்கே சும்மா கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த நிமிஷம் எங்கள் தோட்டம் கண்முன் வந்தது. தோடைச் சரிவின் அடிவாரத்தில் நான் என் கையாலேயே நட்டு வளர்த்த சைப்ரஸ் வேலி. எலிகூட நுழைய முடியாத நெருக்கம். மரங்களுக்குக் குளிர்காற்று படக்கூடாதென்று பார்த்துப் பார்த்து வளர்த்தது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துப் புகழ்கிற வேலி. குளிரை வெளியே நிறுத்துவதாக நினைத்து, உள்ளே பிடித்து அடைத்து வைத்திருந்தேன்.

கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? அன்று முழுக்கச் சொல்லவில்லை. ராயப்பன் நாலு தடவை, "என்ன டாக்டர், யோசனையா?" என்றார். எனக்குப் புரையேறியது.

அடுத்த நாள் ஞாயிறு. கோயில் பூசை முடிந்ததும் ராயப்பன் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரை அழைத்து வந்திருந்தார். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்துகூட ஒரு மாந்தோப்புக்காரர். எல்லாரும் புண்ணாக்கு மருந்தைப் பார்க்க வந்தவர்கள். வாங்கவும் தயாராக இருந்தார்கள்.

"இவரு சிலோன் டாக்டர். பனிக்காகவே கடல் தாண்டி வந்திருக்காரு. பாத்துட்டாரு. அவரு வாயாலயே கேளுங்கோ" என்று ராயப்பன் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டால் போதும், பொழுது கழிந்துவிடும். ஆனால் தை பிறக்க இன்னும் நாள் இருந்தது. இத்தனை தளிரும் கருகும். ஊருக்குப் போய் நானும் புண்ணாக்கு வைத்து லீக்ஸ்தான் நட வேண்டும்.

"புண்ணாக்கு இல்லீங்க" என்றேன். குரல் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சத்தமா, டாக்டர்" என்றார் முனியப்பா.

"புண்ணாக்கு இல்லீங்க. ஓட்டைங்க. செவுத்தாலதான் குளிரு நிக்குது."

ராயப்பன் முகம் மாறியது. "எப்பிடித் தெரியும்?"

"புகை வந்து நின்னுச்சிங்க. குளிரும் அங்கதான் சாஸ்தி."

"எப்ப பாத்தீங்கோ?"

"விடியல்ல."

"விடியல்ல அங்க உங்களுக்கு என்னா வேல?"

நான் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மாந்தோப்புக்காரர்தான் முதலில் புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொருவராக. முனியப்பா தெலுங்கில் எதையோ சொல்ல, மொத்தக் கூட்டமும் உருண்டது. அதை ஒருவர் எனக்குத் தமிழில் சொன்னார்: "டாக்டர் தர்மாமீட்டரு எங்க வெச்சிருக்காருன்னு இப்பத்தான் தெரிஞ்சிச்சாம்."

ராயப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "நீங்க குந்துறதுக்குக் குளிருதுன்னு என் செவுத்த இடிக்கணுமா? அந்த ஆட்டுக்கூட்டத்துக்கு நானே கதவு தொறக்கணுமா? இதுக்குத்தான் கல்லு கல்லா அடுக்கினேனா?" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். நான் செருப்பைத் தேடினேன். அன்றைக்கே கிளம்பிவிடுவதென்று.

அன்னம்மாள் வாசலுக்கு வந்தார். "யாரும் போவாதீங்கோ. வெடிஞ்சதும் சருகு கொளுத்திப் பாத்துடலாம். கோவப்பட்டா புகைக்குத் தெரியவா போவுது?"

மறுநாள் விடியலில் எல்லாரும் போர்த்திக்கொண்டு மேட்டில் நின்றோம். முனியப்பா ஈரச்சருகைப் பற்றவைத்தார். இந்தப் புகை இன்றைக்குப் பார்த்து மேலே போய்விட்டால்? கொஞ்சம் மேலேதான் போயிற்று. ராயப்பன் என்னைப் பார்த்தார். பிறகு அது தாழ்ந்தது. மரங்களுக்கு அடியில் படர்ந்து இறங்கி, மதிலில் முட்டி நின்றது. கீழ் வரிசை மரங்கள் இடுப்பளவு புகையில் நின்றன.

ராயப்பன் இறங்கிப் போய் அந்தப் புகைக்குள் நின்று பார்த்தார். பிறகு வாயில் வழியே சுற்றிக்கொண்டு மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, "ஏரிக்கரை மாதிரியே கட்டி வெச்சிருக்கேன்" என்றார். "கரை இருந்தா மதகு வேணும்."

கடப்பாரை எடுத்துவந்து லாரி இடித்த அதே இடத்தில் அவரே முதல் கல்லைப் பெயர்த்தார். அந்தச் சத்தம் கேட்டு நாராயணப்பா கீழே கொல்லையிலிருந்து ஓடிவந்தார். முனியப்பா விஷயத்தைத் தெலுங்கில் விளக்கினார். நாராயணப்பா கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தார். அவர் சொன்னதை முனியப்பாவே தமிழில் சொன்னார்:

"எங்க ஆடு உங்க தோட்டத்துக்கு வரக்கூடாதாம். உங்க குளிரு மட்டும் எங்க கொல்லைக்கு வரலாமான்னு கேக்குறாரு."

ராயப்பன் கடப்பாரையைக் கீழே வைத்தார். எனக்கும் இது தோன்றியிருக்கவில்லை. குளிர் போக வேண்டும் என்று நினைத்தேனே தவிர, யார் வீட்டுக்கு என்று நினைக்கவில்லை. கடைசியில் எல்லாரும் அவரைக் கொல்லைக்குள் இறங்கி நடந்து பார்த்தோம். அங்கே கரையோ வேலியோ ஒன்றும் இல்லை. நிலம் ஓடைவரை சரிந்து போயிற்று. குளிர் நிற்காமல் ஓடையில் இறங்கிவிடும் என்று தோன்றியது. நாராயணப்பா அரைமனதாக ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அறுவடை முடிந்த பிறகு இரண்டு மாதம் அவருடைய ஆடுகள் சாத்துக்குடித் தோட்டத்தில் புல் மேயலாம். மற்ற மாதங்களில் ஓட்டைக்கு மூங்கில் படல். படல் வழியாகக் குளிர் போகும், ஆடு வராது. ராயப்பன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், "சரி" என்றார். அன்னம்மாள் உள்ளேயிருந்து நாராயணப்பாவுக்குக் காப்பி கொடுத்தனுப்பினார்.

புண்ணாக்கு வைத்துத் துளிர்த்த தளிர்களை என்ன செய்வது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது என்றேன். இளந்தளிர் குளிரைத் தாங்காது, குளிர் வரும் முன்னே உரம் வைத்தது தப்பு என்று மாந்தோப்புக்காரர் சொன்னார். நான் ஒவ்வொரு ஐப்பசியிலும் மரங்களுக்குத் தெம்பு வரட்டும் என்று கூடை கூடையாக எரு போட்டதை அங்கே வாய்திறந்து சொல்லவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

கப்பல் ஏறுமுன் சுங்கத்தில் கேட்டார்கள்: "இந்தியாவுலேர்ந்து என்ன கொண்டு போறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

அதை மட்டும் அவர்கள் நம்பவில்லை. கோட்டின் மிச்சத் தையலையும் பிரித்துப் பார்த்தார்கள்.

முதலாளியும் நம்பவில்லை. "மருந்து எங்க?" என்றார்.

"ஓட்டைதாங்க மருந்து."

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஓட்டையப் பாக்கறதுக்கா உன்ன இந்தியாவுக்கு அனுப்புனேன்? நம்ம கடையோட ஒழுகுற கூரைக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா நானே காட்டியிருப்பேனே."

லீக்ஸ் விதையை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். ஆனாலும் நியாயமான மனிதர். "வேலி நீ நட்டது. வெட்டுறதும் உன் இஷ்டம். இந்த வருஷமும் கருகுனா நான் பேச மாட்டேன், மண்வெட்டிதான் பேசும்" என்றார்.

அன்றைக்கே சைப்ரஸ் வேலியின் நடுவில் இரண்டு வண்டி அகலத்துக்கு வெட்டினேன். ரோட்டில் போனவர்கள் நின்று, "ஐயோ, ஏன் சூசை?" என்றார்கள். பதில் சொல்ல வராததால் விரலால் தோடை மரத்தைக் காட்டினேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொண்டார்களாம்.

தையில் வெள்ளைப்பனி விழுந்தது. தொடர்ந்து மூன்று விடியல். முதல் விடியலில் இருட்டோடு போய் அந்த வெட்டின இடத்தில் நின்றேன். கணுக்காலைத் தொட்டுக்கொண்டு குளிர் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றில் நிற்பதுபோல இருந்தது. இலைகள் என்ன ஆயின என்று வெளிச்சம் வரும்வரை தெரியாது. வெளிச்சம் வந்ததும் பார்க்கப் பயமாக இருந்தது. முதலாளிதான் பனிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்து வரிசை வரிசையாகத் தொட்டுப் பார்த்தார்.

மேல் வரிசைகள் பச்சை. நடு வரிசைகள் பச்சை. வேலி இன்னும் மிச்சமிருந்த கீழ் மூலைகளில் நாலைந்து மரங்கள் கறுத்துவிட்டன. வேலிக்கும் ரோட்டுக்கும் நடுவில் முதலாளியம்மா வளர்த்த டேலியாப் பூச்செடிகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கருகித் தொங்கின. குளிர் யார் வீட்டுக்குப் போகும் என்று இந்தத் தடவையும் நான் யோசிக்கவில்லை. ஓசூரில் கேட்டுவிட்டு வந்தும்.

முதலாளியம்மா இன்றுவரை என்னோடு பேசவில்லை. முதலாளி, "வாங்குன விதைய வீணாக்கக்கூடாது" என்று சொல்லி, கருகின மூலையில் என்னையே லீக்ஸ் நடச் சொன்னார். நட்டேன். நன்றாகத்தான் வருகிறது.

பனி மாதம் முடியாமல் எழுதக்கூடாது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நேற்றுச் சாயங்காலம் லீக்ஸுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வாசனை வந்தது. முதலாளியம்மாதான் சமாதானமாகப் பேச வருகிறார்கள், அவர்கள் பூசுகிற சென்ட் என்று நினைத்துக் கைகட்டித் திரும்பி நின்றேன். யாரும் இல்லை. மேல் வரிசை முழுக்கத் தோடை பூத்திருந்தது.

1969 மார்ச் 16